தவறணை அக்கா பதில்கள்: மார்கழிப் பூக்கள்

மார்கழி பிறந்தால் எனக்கு வரும் கடிதங்களும் மாறிவிடும். மற்ற மாதங்களில் கத்தரிக்காயில் புழு, கறிவேப்பிலையில் கறுப்பு. இப்போது எல்லாம் பூ. புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் 28 வருடம் தேயிலைத் தவறணையில் கட்டிங் வைத்தவள். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தம்பி, “அக்கா, தவறணை என்றால் எங்கள் பக்கம் கள்ளுக்கடை. அங்கே என்ன பூச்செடி வளர்த்தீர்கள்?” என்று கேட்டிருந்தார். எங்கள் மலைப்பக்கம் கன்று வளர்க்கும் நாற்றுமேடைக்குத்தான் அந்தப் பெயர், தம்பி. கள் கிடையாது. சாயத்தண்ணி வேண்டுமானால் தருகிறேன்.

ஹட்டன் வாசகி ஒருவர்: போன நத்தாருக்கு டவுனில் ஒரு பொயின்செட்டியா சட்டி வாங்கினேன். இலையெல்லாம் சிவந்து அழகாக இருந்தது. நிலத்தில் நட்டேன், என் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. ஆனால் இந்த நத்தாருக்கு ஓர் இலைகூடச் சிவக்கவில்லை. உரம் போதாதா?

உரம் போதும், தங்கச்சி. உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், “செடி வாசலில், லைட் கம்பத்துக்குக் கீழே இருக்கிறது, இரவிலும் அழகாகத் தெரியும்” என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான்.

இந்தச் செடி குளிரைப் பார்த்துச் சிவப்பதில்லை. இரவின் நீளத்தைப் பார்த்துச் சிவக்கிறது. நம் நாட்டில் ஜூன் மாதத்து நீண்ட பகலுக்கும் டிசம்பர் மாதத்துக் குறுகிய பகலுக்கும் நடுவே ஏறக்குறைய 50 நிமிடம்தான் வித்தியாசம். நமக்கு அது தெரியவே தெரியாது. செடிக்குத் தெரியும். செப்டெம்பர் கடைசியிலிருந்து நீளும் இரவுகளை வரிசையாகக் கணக்கெடுத்து, அப்புறம்தான் அரும்பு கட்டும். நடு இரவில் பல்பு எரிந்தால் கணக்குக் குழம்பிவிடும்.

எங்கள் தவறணைக் காவல்காரரின் குடிசைக்குப் பக்கத்தில் பெரிய பொயின்செட்டியாப் புதர் ஒன்று இருந்தது. அவர் திருடருக்குப் பயந்து இரவு முழுக்கக் குண்டு பல்பைப் போட்டு வைப்பார். டிசம்பரில் பார்த்தால் பல்பைப் பார்த்த பக்கம் முழுப் பச்சை, மறுபக்கம் முழுச் சிவப்பு. கத்தியால் கோடு போட்டதுபோல இருக்கும். பக்கத்து மலையிலிருந்து கொழுந்துக்கு வருகிற பிள்ளைகள் அதற்கு ஏதோ பேய்க்கதை வைத்திருந்தார்கள். பேயும் இல்லை ஒன்றும் இல்லை, 60 வாட்ஸ் பல்பு.

ஆகவே இந்த வருடம் விட்டுவிடுங்கள். பங்குனியில் செடியைக் கவ்வாத்து செய்யுங்கள், முழங்கால் உயரத்துக்கு. துளிர்த்து வரும் தண்டுகளில் சித்திரையிலிருந்து ஆனி வரைக்கும் கட்டிங் எடுக்கலாம். நாலைந்து அங்குலம் போதும். வெட்டிய இடத்தில் வடியும் பாலைத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, பால் நின்றபின் மணல் கலந்த மண்ணில் வையுங்கள். மூன்று நாலு கிழமையில் வேர் விடும். அந்தப் பால் கையில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கண்ணில் பட்டால் நன்றாகவே எரியும். ஊரில் சொல்வதுபோல ஆளைக் கொல்லும் நஞ்செல்லாம் இல்லை. ஆகஸ்ட் கடைசி வரைக்கும் நுனி கிள்ளிவிட்டால் பல கிளை வரும். அதற்குமேல் கிள்ளினால் அரும்பையும் சேர்த்துக் கிள்ளியதாகிவிடும்.

புதுக்கன்றை வீட்டின் பின்பக்கம், வெளிச்சம் விழாத மூலையில் நடுங்கள். சட்டியில் வைப்பவர்கள் செப்டெம்பர் கடைசியிலிருந்து எட்டுப் பத்துக் கிழமைக்கு மாலை 5 மணிக்கு ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, காலை 7 மணிக்கு எடுத்துவிடுங்கள். பகலில் நல்ல வெயில் வேண்டும். ஒரு நாள்கூடத் தவறக்கூடாது என்பதால் இது பொறுமைசாலிகளுக்கான வேலை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் ஒப்படைத்துவிடுங்கள், அதுகள் மறக்காது.

இன்னொன்று. நீங்கள் பூ என்று நினைக்கிற சிவப்பு பூவே இல்லை, இலைதான். நடுவில் மஞ்சளாகக் குண்டூசித் தலைபோல இருக்கிறதே, அதுதான் பூ.

பண்டாரவளையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: பழைய பங்களா ஒன்றின் வளவில் வெள்ளைக் கமேலியா மரம் நிற்கிறது. டிசம்பர், ஜனவரியில் நிறையப் பூக்கும். கட்டிங் எடுக்க உரிமையாளர் சம்மதித்துவிட்டார். மூன்று தடவை கிளை ஒடித்து வைத்தேன், மூன்றும் கருகிவிட்டன.

சேர், இந்தக் கேள்விக்காகவே நான் இந்தப் பகுதியை எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம். கமேலியா வேறு யாருமில்லை, நம் தேயிலையின் கூடப்பிறந்தது. தேயிலையின் முழுப்பெயரே கமேலியா சினென்சிஸ். தேயிலைப் பூவைப் பார்த்திருப்பீர்கள், வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தம். அதையே பெரிதாக்கி அடுக்கடுக்காக வைத்தால் கமேலியா. ஒரு தோட்டத்தில் வீ.பி. கன்று, அதாவது விதை போடாமல் தண்டுத் துண்டிலிருந்து வளர்க்கும் தேயிலைக் கன்று, வைத்த எந்தப் பெண்ணும் கமேலியா வைத்துவிடுவாள். நீங்கள் முழுக்கிளையை ஒடித்து வைத்ததுதான் பிழை. ஓர் இலை போதும்.

அந்த மரத்தில் ஒரு கிளையை முதலில் கவ்வாத்து செய்துவிட்டு நாலைந்து மாதம் காத்திருங்கள். வரும் புதுத்தண்டின் நுனி மிக இளசு, அடி மரத்துப்போயிருக்கும். இரண்டையும் விட்டு நடுப்பகுதியை எடுங்கள். காலை வெயில் ஏறுமுன் வெட்டி, உடனே வாளித் தண்ணீரில் போடுங்கள். அப்புறம் நிழலில் உட்கார்ந்து கூரான கத்தியால் ஒவ்வோர் இலைக்கும் ஒரு துண்டாக வெட்ட வேண்டும்: இலைக்கணுவுக்குச் சற்று மேலே ஒரு சாய்வு வெட்டு, கீழே ஒன்றரை அங்குலத் தண்டு விட்டு இன்னொரு சாய்வு வெட்டு. கணுவில் ஒரு மொட்டுக்கண் இருக்க வேண்டும். பூமொட்டாக இருந்தால் நகத்தால் கிள்ளிவிடுங்கள்.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு நானே சூடு போட்டுக்கொண்ட இடம் அது. தவறணைக்கு மேல்மண் எடுக்க மாட்டோம். மானாப்புல் வளர்ந்த இடத்தில் மேலே ஓர் அடியை ஒதுக்கிவிட்டுக் கீழேயிருந்து வரும் செம்மண்ணைச் சலித்துப் பைகளில் நிரப்புவோம். ஒரு வருடம் மழை விடாமல் பெய்ததால் அவ்வளவு தூரம் ஏறி மண் சுமக்கப் பஞ்சிப்பட்டு, பக்கத்தில் மரக்கறி போட்டிருந்த நிலத்து மண்ணை எடுத்தோம். கறுப்பாக, பொலபொலவென்று, பார்க்கவே ஆசையாக இருந்தது. மூன்று மாதம் கழித்துப் பை கிழித்துப் பார்த்தால் ஒவ்வொரு தண்டின் அடியிலும் வெள்ளையாக மொச்சைக்கொட்டை அளவுக்குக் கட்டி, ஒரு வேர்கூட இல்லை. 400 பைக்குமேல் குப்பையில் போனது. மரக்கறிக்காரர்கள் மண்ணுக்குச் சுண்ணாம்பு போட்டிருந்தார்கள். தேயிலைக்கும் கமேலியாவுக்கும் புளித்த மண் வேண்டும், பீஎச் 4.5 முதல் 5.5 வரைக்கும். சுண்ணாம்பு ஏறினால் தண்டு வெட்டை மூடிக் கட்டி போடும், வேர் விடாது. அன்று துரையிடம் ஏச்சு வாங்கியது நான்தான், மண் எடுக்கச் சொன்னவர் அல்ல. அது போகட்டும்.

இதே காரணத்துக்காக அடுப்புச் சாம்பலைக் கமேலியாவுக்கும் அசேலியாவுக்கும் கொட்டாதீர்கள். நம் பெண்களுக்குச் சாம்பலைக் கண்டால் கை சும்மா இருக்காது.

பையில் மண்ணை நனைத்து, குச்சியால் துளை போட்டு, தண்டைச் செருகி விரலால் இறுக்குங்கள். இலை மண்ணைத் தொடக்கூடாது, தொட்டால் அழுகும். மூங்கிலை வளைத்து மேலே பொலித்தீன் மூடி, அதற்கு மேலே நிழல் போட வேண்டும். நாங்கள் கெக்கில்ல என்கிற பெரணியைச் செருகுவோம், கறுப்பு நிழல்வலை கிடைத்தால் அதுவும் நல்லது. பொலித்தீனின் உட்பக்கம் காலையில் நீர் முத்து கோத்திருந்தால் தண்ணீர் போதும் என்று அர்த்தம்.

வேருக்குப் பத்துப் பன்னிரண்டு கிழமை ஆகும். இந்த மூன்று மாதத்தில்தான் மனிதர்கள் தோற்பது. புதிதாகத் தவறணைக்கு வந்த பிள்ளை ஒருத்தி தினமும் ஒவ்வொன்றாக மெல்ல இழுத்து, வேர் வந்ததா என்று பார்த்துவிட்டுத் திரும்பச் செருகுவாள். கங்காணி கண்டுபிடித்து, “ஏம்மா, வயித்துப் பிள்ளைய வெளிய எடுத்துப் பாத்துட்டு உள்ள வைப்பியா?” என்று கேட்டார். அவள் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் கையே நீட்டவில்லை. கணுவிலிருந்து புதுத்துளிர் வந்து பழைய இலை உதிராமல் நின்றால் பெரும்பாலும் வேர் உண்டு. பிறகு பொலித்தீனை ஒரேயடியாக எடுக்காமல், கிழமைக்குக் கொஞ்சமாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள்.

வேர்த்தூள், தேன், இளநீர் என்று கேட்டிருந்தீர்கள். நாங்கள் ஒன்றும் வைத்ததில்லை. பூ பார்க்க மூன்று நாலு வருடம் ஆகும், சேர். 20 துண்டு வையுங்கள், பத்துத் தேறினால் நல்ல கை.

மஸ்கெலியா வாசகி: இஸ்தோப்பில் (முன்விறாந்தையில்) தொங்கும் கிறிஸ்மஸ் கள்ளியில் மொட்டு நிறைய வந்தது. வெளிச்சம் போதாதென்று வாசலுக்கு மாற்றினேன். எல்லாம் கொட்டிவிட்டது.

மாற்றியதால்தான் கொட்டியது. மொட்டு வந்தபின் அதை அசைக்கவே கூடாது. தண்ணீரையும் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். பெயரில் கள்ளி இருந்தாலும் இது பாலைவனத்துச் செடி இல்லை. பிரேசிலின் மலைக்காட்டில் மரக்கிளைகளில் ஒட்டி வளர்வது. நம் மூடுபனி அதற்குச் சொந்த ஊர்போல.

பெருக்குவது மிக லேசு. இரண்டு மூன்று கண்ணி சேர்ந்த துண்டைத் திருகி எடுத்து, இரண்டு நாள் நிழலில் காயப்போட்டு, மணலும் இலைமக்கும் கலந்து அரை அங்குலம் செருகுங்கள். பூக்கும் காலம் முடிந்தபின் செய்யுங்கள்.

நானுஓயாவிலிருந்து ஒரு தம்பி: ஜனவரியில் பனி விழுந்து ஜெரேனியமும் கமேலியா மொட்டும் கருகுகின்றன. பக்கத்து வீட்டில் அதே செடிகள் நன்றாக இருக்கின்றன. அவர்கள் ஏதும் மருந்து அடிக்கிறார்களா?

மருந்தில்லை தம்பி, மேடு. உங்கள் வீடு பள்ளத்தில் ஓடையோரம் என்று எழுதியிருக்கிறீர்கள். காற்றில்லாத, நட்சத்திரம் தெளிவாகத் தெரியும் இரவில் தரை தன் சூட்டை எல்லாம் மேலே விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரிச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். பக்கத்து வீடு பத்து அடி உயரத்தில் இருந்தாலே தப்பிவிடும். சுவரில் மாட்டிய வெப்பமானி 3, 4 பாகை காட்டும்போதே கீழே புல் உறைந்திருக்கும். தேயிலையில் இதைப் பார்த்திருப்பீர்கள், பள்ளத்துச் செடி கருகி, மேட்டுச் செடி பச்சையாக நிற்கும்.

மப்பு இல்லாத மாலையில் நாலு குச்சி நட்டு, பொழுது சாயுமுன் சாக்கோ படங்குத் துணியோ போர்த்துங்கள். பொலித்தீன் இலையில் நேராகப் பட்டால் பட்ட இடமே கருகும். பகலில் மண்ணுக்குத் தண்ணீர் விட்டிருந்தால் ஈரமண் சூட்டைப் பிடித்து வைக்கும். கமேலியா கிழக்கு வெயில் விழும் இடத்தில் இருக்கக்கூடாது. உறைந்த மொட்டில் காலை வெயில் சட்டென்று அடித்தால்தான் பழுப்பாகிறது. மெல்ல உருகினால் பல மொட்டு பிழைக்கும்.

கருகிய ஜெரேனியத்தை உடனே வெட்டாதீர்கள், பார்க்க அசிங்கமாக இருந்தாலும். வெட்டினால் புதுத்துளிர் வரும், அடுத்த பனி அதையும் தின்னும். மாசி போகட்டும். அதோடு ஒவ்வொரு நவம்பரிலும் நாலு கட்டிங் எடுத்து வீட்டுக்குள் சன்னலோரம் வைத்துவிடுங்கள். வெளியே இருப்பது செத்தாலும் வம்சம் போகாது.

வெலிமடை வாசகி: லண்டனில் இருக்கும் என் தங்கை, அங்கே பனிக்குள் பூக்கும் ஸ்னோடிராப் கிழங்குகளும் ஹெலிபோர் விதையும் அடுத்த மாதம் வரும்போது பெட்டியில் கொண்டுவருவதாகச் சொல்கிறாள். நுவரெலியாப் பக்கம் பூக்குமா?

வேண்டாம், அம்மா. இரண்டு காரணம்.

முதலாவது, பூக்காது. அங்கே டிசம்பரில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை, ஜூனில் 16 மணி நேரத்துக்கு மேல். அந்தக் கிழங்கு வெயில் காலத்தில் தூங்கி, பல கிழமை தொடர்ந்து குளிரில் கிடந்து, ஜனவரி, பெப்ரவரியில் விழிக்கும். நம் ஊரில் விடியற்காலை நாலு மணி நேரம் குளிரும், மத்தியானம் சுவெட்டரைக் கழற்றுவோம். கிழங்குக்கு இது குளிர்காலம் என்று யார் சொல்வது? ஒரு வருடம் இலை விட்டு, அப்புறம் மண்ணோடு மண்ணாகும்.

இரண்டாவது, சட்டம். செடியோ கிழங்கோ விதையோ, அனுமதி இல்லாமல் கொண்டுவர முடியாது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கட்டுநாயக்கவில் தாவரத் தடுப்புக்காப்புச் சேவையே இதற்காக இயங்குகிறது. ஸ்னோடிராப் கிழங்கோ காட்டுயிர் வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கைப் பட்டியலிலும் உள்ளது. இதெல்லாம் வெறும் கெடுபிடி இல்லை. ஹோர்டன் சமவெளிக்குப் போனால் மஞ்சள் பூவோடு முள் புதர் ஒன்றைப் பார்ப்பீர்கள், கோர்ஸ் என்று பெயர். ஆங்கிலேயர் காலத்தில் ஊர் ஞாபகத்துக்குக் கொண்டுவந்தது. இன்றைக்கு அதைப் பிடுங்கத் தொண்டர்களைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

ஆனால் தங்கையிடம் இதைச் சொல்லுங்கள், அவருக்குப் பயன்படும். ஸ்னோடிராப்பைக் காய்ந்த கிழங்காக வாங்கி நட்டால் பல வராது. பூ உதிர்ந்து இலை பச்சையாக இருக்கும்போதே கொத்தைத் தோண்டி, மூன்று நாலாகப் பிரித்து, முன்பிருந்த அதே ஆழத்தில் உடனே நட வேண்டும். ஹெலிபோர் விதை காய் வெடித்தவுடன் விதைத்தால் அடுத்த குளிர்காலத்தில் முளைக்கும். பைக்கற்றில் பழையதானால் ஒரு வருடத்துக்கு மேலும் காக்க வைக்கும். பூத்தபின் படம் அனுப்பச் சொல்லுங்கள். வெலிமடைக்கு அது போதும்.

பதுளை வாசகர்: தைப்பொங்கலுக்குச் செவ்வந்தி என் வாசலில் பூக்க வேண்டும்.

இந்தத் தைக்கு முடியாது. அடுத்த தைக்கு: பூத்து முடிந்த செடியைத் தரையிலிருந்து நாலு அங்குலம் விட்டு வெட்டுங்கள். அடியிலிருந்து வரும் பக்கக்கன்றுகளின் நுனியை மூன்று அங்குலம் எடுத்து மணலில் வைத்தால் மூன்று கிழமைக்குள் வேர். ஆறு அங்குலம் வளர்ந்தவுடன் ஒருமுறை, மறுபடி ஒருமுறை நுனி கிள்ளுங்கள். ஆகஸ்ட் முடிவோடு கிள்ளுவதை நிறுத்துங்கள். இதுவும் பொயின்செட்டியா மாதிரி இரவை எண்ணுகிற செடி, வாசல் பல்பை அணைக்க வேண்டும். உங்கள் பக்கம் வடகீழ்ப் பருவமழை டிசம்பரில் கொட்டும், தலை கனத்துச் சாயும். குச்சி நட்டுக் கட்டாவிட்டால் சேற்றில்தான் பூ பார்ப்பீர்கள்.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு பிள்ளை: எங்கள் லயத்து வாசல் மூன்று அடிதான். பூ வைக்க ஆசை. காசு செலவழிக்க முடியாது.

மகளே, பீலிக்கரையிலிருந்து தண்ணீர் வழிந்தோடும் கானோரம் வெள்ளையாகக் குழல்போலப் பூக்கும் ஆரம் லில்லியைப் பார்த்திருப்பாய். கேட்டுவிட்டு ஒரு கிழங்கு தோண்டி, உங்கள் வாசல் கானின் ஓரத்தில் சவர்க்காரத் தண்ணீர் படாத இடமாகப் பார்த்து வை. ஈரமும் கொஞ்சம் நிழலும் போதும். அதன் சாறு வாயில் பட்டால் எரியும், தம்பி தங்கச்சி சின்னவர்களாக இருந்தால் கவனம். ஆட்டையும் கிட்ட விடாதே. பால்மா டின்னின் அடியில் ஆணியால் ஐந்து ஓட்டை போட்டு, ஜெரேனியம் கட்டிங் ஒன்று வைத்துக் கூரைக் கம்பில் தொங்கவிடு. கட்டிங் கிடைக்காவிட்டால் இதழ் முகவரிக்கு உன் தோட்டத்தின் பெயரை எழுதிப் போடு. மாசியில் அந்தப் பக்கம் ஒரு கலியாணத்துக்கு வருகிறேன், பையில் போட்டு எடுத்துவருவேன்.